வெளிநாட்டுக்கு போய் டைவ்மாஸ்டர் ஆகுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணம் போற இடத்துல சில வாரம் தங்கி ஸ்கூபா டைவிங்ல டைவ்மாஸ்டர் கோர்ஸ் முடிச்சுட்டு வரலாமானு யோசிக்கிறவங்க திரும்ப திரும்ப கேக்குற கேள்விகள ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். பெரும்பாலும் டைவிங் கோர்ஸ் வகுத்து கார்டு குடுக்குற பாடி (PADI) ஏஜென்சியோட முறைய வெச்சு தான் பேசுறேன், டைவிங் ஊர்கள்ல அது தான் அதிகமா கண்ணுல படும். எஸ்எஸ்ஐ (SSI)ங்கிற இன்னொரு ஏஜென்சி பத்தி வேண்டிய இடத்துல சொல்லிருக்கேன்.

டைவ்மாஸ்டரும் இன்ஸ்ட்ரக்டரும் ஒண்ணா?

இல்ல. தொழிலா டைவ் பண்றவங்களுக்கு டைவ்மாஸ்டர் தான் முதல் படி. ஏற்கனவே டைவிங் கார்டு (கோர்ஸ் முடிச்சதுக்கான சர்டிஃபிகேட்) வெச்சிருக்கிறவங்கள கடலுக்குள்ள கூட்டிட்டு போய் சுத்தி காட்டலாம், இன்ஸ்ட்ரக்டர் கிளாஸ் எடுக்கும்போது கூட நின்னு உதவலாம், ரொம்ப நாள் தண்ணிக்குள்ள இறங்காம இருந்தவங்களுக்கு ரிஃப்ரெஷர் நடத்தலாம், ஸ்நார்க்கலிங் குழுவ பாத்துக்கலாம். ஆனா புதுசா வர்றவருக்கு ஓபன் வாட்டர்ங்கிற முதல் கோர்ஸ் நடத்தி கார்டு குடுக்குறது இன்ஸ்ட்ரக்டரால மட்டும் தான் முடியும்.

இதுக்கு முன்னாடி பண்ண கோர்ஸ்ல பெரும்பாலும் உங்க மூச்சு, உங்க மிதப்பு, உங்க கியர்னு உங்கள பத்தியே தான் இருக்கும். ரெஸ்க்யூ கோர்ஸ்ல கொஞ்சம் திரும்பும். டைவ்மாஸ்டர்ல முழுசா திரும்பிடும், தண்ணிக்குள்ள போன நிமிஷத்துல இருந்து கண்ணு அடுத்தவங்க மேல தான் இருக்கணும். இத புரிஞ்சுக்கிட்டு போறவங்களுக்கு இந்த கோர்ஸ் ரொம்ப பிடிக்கும், நிறைய டைவ் பண்ணலாம்னு மட்டும் நினைச்சு போறவங்க பாதியில சலிச்சு போறத பாத்திருக்கேன்.

சேர என்னென்ன தகுதி வேணும்?

வயசு 18 ஆகிருக்கணும். அட்வான்ஸ்ட் ஓபன் வாட்டரும் ரெஸ்க்யூ டைவரும் முடிச்சிருக்கணும், சிபிஆரும் முதலுதவியும் கடைசி 24 மாசத்துக்குள்ள படிச்சிருக்கணும். டாக்டர் கையெழுத்து போட்ட மெடிக்கல் ஃபார்ம் 12 மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். கோர்ஸ் ஆரம்பிக்க லாக் புக்ல (பண்ண டைவ எல்லாம் எழுதி வெக்கிற நோட்டு) 40 டைவ், முடிச்சு சர்டிஃபிகேட் வாங்க 60 டைவ். எஸ்எஸ்ஐல டைவ் கைடு, சயின்ஸ் ஆஃப் டைவிங் ரெண்டையும் முடிச்சா டைவ்மாஸ்டர் ஆவீங்க, வேலை தேடும்போது ரெண்டு கார்டையும் சமமா தான் பாப்பாங்க.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன், மெடிக்கல ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. ஆஸ்துமா, காது ஆபரேஷன், வலிப்பு, இதய பிரச்சனை, ரெகுலரா சாப்பிடுற மாத்திரை, இதுல எது இருந்தாலும் டைவிங் தெரிஞ்ச டாக்டர்கிட்ட பேசணும். அங்க போய் இறங்கின பிறகு டாக்டர் வேண்டாம்னு சொன்னா ஃப்ளைட் காசு, தங்குற காசு எல்லாம் போச்சு. அதுக்கு பயந்து ஃபார்ம்ல எல்லாத்துக்கும் இல்லனு டிக் பண்றவங்களும் இருக்காங்க, அது உங்கள மட்டும் இல்ல, உங்கள நம்பி பின்னாடி வர்றவங்களையும் சேர்த்து ஆபத்துல விடுறது.

ஒரு டைவ் கூட பண்ணாதவங்க நேரா போய் டைவ்மாஸ்டர் வரைக்கும் முடிக்க முடியுமா?

முடியும், அதுக்குனே பேக்கேஜ் விப்பாங்க, ஜீரோ டு ஹீரோனு பேரு. விதிப்படி தப்பில்ல. ஆனா என் கருத்து, நடுவுல இடைவெளி வேணும். ஒரே ரீஃப்ல (பவளப்பாறையில), ஒரே படகுல, ஒரே இன்ஸ்ட்ரக்டர் பின்னாடியே 60 டைவ் பண்ணவருக்கு எண்ணிக்கை இருக்கும், வேற வேற கடல் பாத்த அனுபவம் இருக்காது. கரண்ட் (நீரோட்டம்) அடிக்கிற நாள், அஞ்சு மீட்டருக்கு மேல எதுவும் தெரியாத கலங்கின தண்ணி, ராத்திரி டைவ், குளிர்ந்த தண்ணி இதெல்லாம் கொஞ்சமாச்சும் பாத்துட்டு வந்தா ட்ரெயினிங்ல கத்துக்குறது பல மடங்கு ஏறும். ரெஸ்க்யூ வரைக்கும் ஒரு பயணத்துல முடிச்சுட்டு அடுத்த பயணத்துல வேற ஊர்ல டைவ்மாஸ்டர் பண்ணா ரொம்ப நல்லது.

எந்த ஊருக்கு போகலாம்?

பேக்பேக் மாட்டிட்டு போறவங்க அதிகமா போறது தாய்லாந்துல கோ தாவோ, இந்தோனேஷியால கிலி த்ரவாங்கன், எகிப்துல தஹாப், ஹோண்டுராஸ்ல உதிலா. நாலும் நாலு விதம்.

கோ தாவோல டைவ் ஸ்கூல் ரொம்ப அதிகம், புது மாணவர்கள் வந்துட்டே இருப்பாங்க, அதனால கோர்ஸ்ல உதவி பண்ற பயிற்சி நிறைய கிடைக்கும். 2011ல மூழ்கடிச்ச சத்தகுட் போர்க்கப்பல், சும்போன் பினாக்கிள், கொஞ்சம் தள்ளி செய்ல் ராக்னு நல்ல சைட்டும் இருக்கு. நவம்பர் பக்கம் மழையும் அலையும் இருக்கும், அத பாத்து திட்டம் போடுங்க. கிலில கரண்ட் இருக்கும், படகுல இறங்கி தண்ணி போற போக்குல போய் வேற இடத்துல ஏறுற டிரிஃப்ட் டைவ் தான் அதிகம், அதனால எஸ்எம்பி (நாம எங்க இருக்கோம்னு படகுக்கு காட்டுற மிதவை) விடுறதும் குழுவ சிதறாம வெச்சுக்குறதும் நல்லா பழகிடும். காரும் பெட்ரோல் பைக்கும் இல்லாத தீவு அது, பெரும்பாலும் நடந்தோ சைக்கிள்லயோ குதிரை வண்டியிலயோ தான் போகணும்.

தஹாப்ல பெரும்பாலும் கரையில இருந்தே நடந்து இறங்குவோம், படகு செலவு குறையும், கியர முதுகுல மாட்டிட்டு கல்லு மேல நடக்குற பலம் வேணும். குளிர்காலத்துல தண்ணி 21, 22 டிகிரிக்கு இறங்கும், மெல்லிசு வெட்சூட் போதாது. அங்க இருக்கிற ப்ளூ ஹோல்ல ஆர்ச்னு ஒரு வழி 50 மீட்டருக்கும் கீழ இருக்கு, சாதாரண காத்து டேங்கோட அத தாண்ட போய் செத்தவங்க நிறைய, அவங்க நினைவா வெச்ச கல்வெட்டு வரிசையா கரையிலயே இருக்கு. யாராச்சும் ஆச காட்டினா போகாதீங்க. உதிலா கரீபியன் பக்கம், அமைதியான ரீஃப், டைவிங்க சுத்தியே வாழுற சின்ன தீவு, போய் சேர்ற பயணம் தான் நீளம்.

ஊர விட டைவ் ஷாப் முக்கியம்னு சொல்றாங்களே, நல்ல ஷாப்ப எப்படி கண்டுபிடிக்கிறது?

உண்மை, ஊர் ரெண்டாவது தான். இன்னும் சரியா சொன்னா ஷாப்ப விட உங்கள பாத்துக்க போற மென்டார் முக்கியம். காசு கட்டுறதுக்கு முன்னாடி நேர்ல போய் சாதாரண கஸ்டமரா ரெண்டு மூணு ஃபன் டைவ் பண்ணுங்க, ஆன்லைன்ல முன்பணம் கட்டி வெச்சிட்டா இந்த வாய்ப்பு போயிடும். அந்த டைவ்ல மீன பாக்காதீங்க, ஸ்டாஃப பாருங்க. படகுல ஆக்சிஜன் கிட் இருக்கா, கேட்டா திறந்து காட்டுறாங்களா? ஒரு கைடுக்கு எத்தன பேர் விடுறாங்க? பிரீஃபிங்ல டைவர் தொலைஞ்சு போனா என்ன பண்ணணும்னு சொல்றாங்களா, இல்ல ஆமை எங்க இருக்கும்னு மட்டும் சொல்லிட்டு முடிச்சுடுறாங்களா? படகு கிளம்புறதுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுறாங்களா?

இந்த கடைசி விஷயத்த சும்மா சொல்லல. 1998 ஜனவரியில ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல ஒரு அமெரிக்க தம்பதிய தண்ணியிலயே விட்டுட்டு படகு கரைக்கு திரும்பிருச்சு, ரெண்டு நாள் கழிச்சு அவங்க பை படகுல அப்படியே இருக்கிறத பாத்து தான் ஆள் வரலனே தெரிஞ்சுது, கடைசி வரைக்கும் அவங்க கிடைக்கல. ஆள் எண்ணுற வேலை பல படகுல ட்ரெயினி கையில தான் வரும். எண்ணும்போது யாராச்சும் பேச்சு குடுத்தா நிறுத்தி மொதல்ல இருந்து எண்ணுங்க, ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்து பேர் சொல்ல வெச்சு எண்ணுங்க, டாய்லெட்ல இருக்கார்னு யாரோ சொன்னத கணக்குல சேக்காதீங்க.

அப்புறம் ட்ரெயினிங் பண்ணிட்டு இருக்கிறவங்கள தனியா கூப்பிட்டு பேசுங்க, டீ வாங்கி குடுத்தா எல்லாம் சொல்லிடுவாங்க. ஒரே நேரத்துல எத்தன டிஎம்டி இருக்காங்கனு கேளுங்க (டைவ்மாஸ்டர் ட்ரெயினிய அங்க அப்படி தான் கூப்பிடுவாங்க). மாணவர்கள் நாலு பேர், டிஎம்டி எட்டு பேர்னா உங்களுக்கு வேலையே கிடைக்காது, பின்னாடி சும்மா நீந்திட்டு வருவீங்க. மாணவரே இல்லாத ஷாப்புக்கும் இதே கதி தான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஷாப்ப தேடுங்க.

இலவச இன்டர்ன்ஷிப்னு போடுறாங்க, நம்பலாமா?

வேலை செஞ்சு குடுத்தா கோர்ஸ் ஃபீஸ் கிடையாதுங்கிறது தான் அதோட அர்த்தம். நல்லபடியா நடத்துற இடமும் இருக்கு. ஆனா டேங்க் தூக்குறது, கியர் கழுவுறது, கவுன்ட்டர்ல உக்காந்து கோர்ஸ் விக்கிறதுனு மாசக்கணக்குல இழுத்துட்டு, தண்ணிக்குள்ள சொல்லிக்குடுக்க ஆளே இல்லாத இடமும் இருக்கு. டேங்க் தூக்குறது கேவலமான வேலை இல்ல, அதுவும் டைவ்மாஸ்டர் வேலைல ஒரு பகுதி தான், எந்த ஷாப்ல சேர்ந்தாலும் தூக்கி தான் ஆகணும். ஆனா வாரத்துக்கு எத்தன டைவ், எத்தன நாள் லீவு, யார் மென்டார், எந்த தேதிக்குள்ள முடியும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. எழுதி தர மாட்டோம்னா வேற ஷாப் பாருங்க.

இலவசம்னாலும் முழு இலவசம் கிடையாது. படிக்கிற மெட்டீரியல், ஏஜென்சிக்கு கட்டுற விண்ணப்ப கட்டணம், வருஷா வருஷம் மெம்பர்ஷிப், தங்குறது, சாப்பாடு, இன்சூரன்ஸ், விசா நீட்டிப்பு, சில இடத்துல மரைன் பார்க் கட்டணம் எல்லாம் உங்க கையில இருந்து தான். ஃபீஸ் கட்டி பண்றவங்களும் விலை கேக்கும்போது இதுல எது உள்ள, எது வெளியனு ஒவ்வொண்ணா கேளுங்க.

எத்தன வாரம் ஒதுக்கணும்?

மூணு வாரத்துல முடிச்சு குடுக்குறவங்க இருக்காங்க. ஆறுல இருந்து எட்டு வாரம் வெச்சுக்கிட்டா நிம்மதியா கத்துக்கலாம். நடுவுல சளி பிடிக்கும், காது அடைக்கும், கடல் கொந்தளிக்கும், இத கணக்குல வெக்காம டிக்கெட் போட்டா கடைசி வாரம் முழுக்க ஓட்டமா தான் இருக்கும்.

நீச்சல் சுமாரா தான் வரும், டெஸ்ட்ல தேறுவேனா?

தேறலாம். கண்ணாடி போட்டுக்கலாம், வேற எந்த உதவியும் இல்லாம 400 மீட்டர் நிக்காம நீந்தணும், எந்த ஸ்டைல்ல வேணாலும். வேகமா முடிச்சா 5 மார்க், நேரம் ஏற ஏற மார்க் குறையும், ரொம்ப மெதுவா முடிச்சா 1. இதோட 15 நிமிஷம் ஒரே இடத்துல மிதக்கணும், அதுல கடைசி 2 நிமிஷம் கைய தண்ணிக்கு வெளிய வெச்சுக்கணும். மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின்ஸ் போட்டு 800 மீட்டர், அப்புறம் அசையாம கிடக்குற டைவர 100 மீட்டர் இழுத்துட்டு போகணும். தண்ணிக்குள்ள கியர் மாத்திக்கிறது அஞ்சாவது. அஞ்சையும் முடிச்சு மொத்தமா குறைஞ்சது 15 மார்க் எடுத்தா போதும்.

400 மீட்டர்ல தடுமாறுறவங்க பெரும்பாலும் வேகமா ஆரம்பிச்சு பாதியில மூச்சு வாங்கி நிக்கிறவங்க தான். கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருந்து வாரத்துக்கு மூணு நாள் குளத்துல நிதானமா நீந்தி பழகுனா போதும். ஆள இழுக்குற டெஸ்ட்ல கால் தான் வேலை செய்யணும், கையால இழுக்க ஆரம்பிச்சா பாதி தூரத்துலயே தோள் போயிடும்.

தண்ணிக்குள்ள கியர் மாத்துறதுனா என்ன, அத நினைச்சாலே பயமா இருக்கு?

ரெண்டு பேர், ஒரே ஒரு ரெகுலேட்டர் (டேங்க்ல இருந்து காத்து இழுக்க வாய்ல வெக்கிற கருவி). கீழ முட்டி போட்டு உக்காந்து, அந்த ஒரு ரெகுலேட்டர்ல மாத்தி மாத்தி மூச்சு விட்டுக்கிட்டே ரெண்டு பேரும் மாஸ்க், ஃபின்ஸ், பிசிடி (டேங்க மாட்டுற, காத்து ஊதி மிதக்க வைக்கிற ஜாக்கெட்) எல்லாத்தையும் கழட்டி அடுத்தவரோடத போட்டுக்கணும். ரெண்டு மூச்சு நீங்க, ரெண்டு மூச்சு அவர். ரெகுலேட்டர் உங்க வாய்ல இல்லாத நேரம் முழுக்க மெல்லிசா குமிழி விட்டுட்டே இருக்கணும், மூச்ச அடக்கவே கூடாது.

நல்லா பண்ற ஜோடிய பாத்தா எங்கயும் அவசரம் இருக்காது. மொதல்லயே மேல உக்காந்து வரிசை பேசி வெச்சிருப்பாங்க, எது முதல்ல, எது கடைசினு. மாஸ்க்க கடைசியில மாத்துனா அது வரைக்கும் கண்ணு தெரியும். ஒருத்தர் கை எப்பவும் அடுத்தவர் பிசிடி பட்டைய பிடிச்சிருக்கும், ஏன்னா ரெண்டு பேரும் விலகிப் போனா ரெகுலேட்டரும் விலகிப் போயிடும். பாதியில யாராச்சும் ஒருத்தருக்கு மூக்குல தண்ணி ஏறி கண்ணு விரியும், அப்போ அடுத்தவர் வேலைய நிறுத்திட்டு, தோள்ல கைய வெச்சு, ரெகுலேட்டர அவர்கிட்டயே நாலஞ்சு மூச்சு விட்டு வெச்சாருனா அங்கயே இந்த பயிற்சியோட பலன் கிடைச்சாச்சு. நிஜத்துல யாரும் கடலுக்கடியில பிசிடி மாத்திக்க போறதில்ல, நெருக்கடியில கூட இருக்கிறவர் முகத்த படிக்கத் தெரியுதாங்கிறது தான் பரிட்சை.

தியரி ரொம்ப கஷ்டமா?

பிசிக்ஸ், உடம்பு, கியர், டிகம்ப்ரஷன் (ஆழத்துல உடம்புல கரைஞ்ச வாயு ஏறும்போது வெளிய வர்றது), கடல் சூழல்னு பாடம், 75 சதவீதம் எடுத்தா பாஸ். ஸ்கூல்ல பிசிக்ஸ் வராதவங்களும் தேறிடுவாங்க, ஏன்னா கணக்கு எல்லாம் தண்ணில நேர்ல பாத்த விஷயம். மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் காத்து இழுக்குறவர் 20 மீட்டர் ஆழத்துல 3 பார் (பார்னா அழுத்தத்த அளக்குற அலகு) அழுத்தத்துல இருக்கார், அங்க 60 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் டேங்க்ல 200 பார் இருந்தா 2200 லிட்டர், அதுல 50 பார் தொடாம வெச்சா 1650, அப்போ 27 நிமிஷம் சுமார். பயந்துபோய் வேகமா மூச்சு விடுறவருக்கு அதுல பாதி தான். இந்த கணக்கு மனசுல ஓடினா யாருக்கு முதல்ல காத்து தீரும்னு டைவ் ஆரம்பிக்கும்போதே கணிக்கலாம்.

ஸ்கில் சர்க்யூட் பத்தி கேள்விப்பட்டேன், அது என்ன?

மாஸ்க்ல தண்ணி எடுக்குறது, ரெகுலேட்டர தேடி எடுக்குறது மாதிரி 24 ஸ்கில மாணவருக்கு காட்டுற மாதிரி நிதானமா செஞ்சு காட்டணும். ஒவ்வொண்ணுலயும் 5க்கு குறைஞ்சது 3, மொத்தம் 82. உங்களுக்கு கண்ணு மூடினாலும் வர்ற ஸ்கில்லா இருக்கும், ஆனா பாக்குறவருக்கு புரியுற மாதிரி ஒவ்வொரு அசைவையும் பிரிச்சு காட்டுறது தனி வேலை. இதோட ஒரு சைட்டோட மேப் வரையணும், ஒரு தேடி எடுக்குற டைவ் இருக்கு, ஒரு ஆழ டைவ் இருக்கு. மேப் வேலைய சலிப்புனு தள்ளாதீங்க, காம்பஸ் வெச்சு கிக் எண்ணி எண்ணி ஒரு ரீஃப வரைஞ்சவருக்கு அந்த ரீஃப் மறக்காது.

டைவர்கள கூட்டிட்டு போகும்போது எத கவனிக்கணும்?

இது தான் கோர்ஸோட உயிர். பாதி வேலை படகுலயே முடிஞ்சிடும். கியர் மாட்டுறப்போ ஒவ்வொருத்தரையும் பாருங்க, யார் ரெகுலேட்டர தலைகீழா மாட்டிட்டு முழிக்கிறாங்க, யார் பேசாம ஒதுங்கி நிக்கிறாங்க, யார் நூறு டைவ் பண்ணிருக்கேன்னு சத்தமா சொல்லிட்டு பெல்ட் கட்டத் தெரியாம நிக்கிறாங்க. டேங்க் பட்டை காஞ்சிருக்கும்போது இறுக்கமா தெரியும், நனைஞ்சா தளர்ந்து டேங்க் கீழ நழுவும், அதனால நனைச்சு இறுக்கிட்டு பிசிடிய பிடிச்சு தூக்கி பாருங்க. வால்வு சரியா திறந்திருக்கானு பாக்க, டேங்க் அழுத்தம் காட்டுற கேஜ பாத்துக்கிட்டே ரெகுலேட்டர்ல நாலு மூச்சு இழுக்க சொல்லுங்க, முள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி இறங்கி ஏறுச்சுனா வால்வு அரைகுறையா தான் திறந்திருக்கு. மேல இருக்கும்போது காத்து வர்ற மாதிரியே இருக்கும், 20 மீட்டர்ல போய் தான் இழுக்க இழுக்க வராது.

தண்ணிக்குள்ள குமிழிய பாருங்க. நிதானமா விட்டு விட்டு வந்தா ஆள் நல்லா இருக்கார், நிக்காம பொங்கிட்டே இருந்தா பதட்டம். உடம்பு நேரா நிமிந்து கால் சைக்கிள் ஓட்டுதா, கை துழாவுதா, மாஸ்க்க அடிக்கடி தொடுறாரா, கண்ணு பெருசா இருக்கா, இதுல ரெண்டு சேந்தா பக்கத்துல போங்க, கண்ண பாத்து நிறுத்த சொல்லி சைகை காட்டுங்க, கூட சேந்து மெதுவா மூச்சு விடுங்க. பதட்டம் முத்தினவர் ரெகுலேட்டர துப்பிட்டு மேல பாய்வார், அந்த நிலைக்கு போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இந்த அறிகுறி எல்லாம் தெரிஞ்சிருக்கும். காத்து எவ்ளோ இருக்குனு 100 பார்ல ஒரு தடவ, 50 பார்ல ஒரு தடவ கேப்போம்னு பிரீஃபிங்லயே சொல்லிட்டு, அதுக்கு முன்னாடியும் கேளுங்க. ஏறும்போது 5 மீட்டர்ல 3 நிமிஷம் சேஃப்டி ஸ்டாப், அங்க தான் காத்து கொறஞ்ச டேங்க் லேசாகி ஆள் மேல மிதக்க பாப்பாங்க, பலூன் மாதிரி யாராச்சும் எழும்புனா பிடிக்குற தூரத்துல நில்லுங்க.

சைட் தெரிஞ்சிருக்கணும். உதாரணத்துக்கு டைட்டன் ட்ரிகர் ஃபிஷ் கூடு காக்குற நேரத்துல கடிக்க வரும், அதோட எல்லை கூட்டுல இருந்து மேல போக போக விரியும், பயந்து மேல ஏறுனா இன்னும் அதோட எல்லைக்குள்ளயே தான் இருப்பீங்க. பக்கவாட்டுல நீந்தி விலகணும், குழுவையும் அப்படியே திருப்பி கூட்டிட்டு போகணும்.

கியர் எல்லாம் சொந்தமா வாங்கணுமா?

எல்லாம் உடனே வேண்டாம். மாஸ்க், ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர், எஸ்எம்பியும் ரீலும், விசில், வெட்டுற கத்தி அல்லது கட்டர், காம்பஸ், எழுதுற ஸ்லேட், இது உங்களோடதா இருக்கணும். வெட்சூட்டும் சொந்தமா இருந்தா உடம்புக்கு நல்லது, தினமும் மூணு டைவ் பண்ணா வாடகை சூட் உரசி தோல் புண்ணாகும். ரெகுலேட்டரும் பிசிடியும் பெரும்பாலான ஷாப்ல பயிற்சி முழுக்க குடுப்பாங்க. செகண்ட் ஹேண்ட்ல ரெகுலேட்டர் வாங்குனா சர்வீஸ் பண்ணாம தண்ணிக்குள்ள கொண்டு போகாதீங்க.

காது பிரச்சனை நிறைய வருமாமே?

வரும், ட்ரெயினிங் நின்னு போறதுக்கு பெரிய காரணமே அது தான். தினமும் சூடான நாட்டு கடல்ல முங்கி எழும்போது காதோட வெளி துவாரம் ஊறிப்போய் தொற்று வரும், காத லேசா இழுத்தா வலிச்சா அது தான். ஒவ்வொரு டைவுக்கு அப்புறமும் நல்ல தண்ணியில கழுவி காய விடுங்க, பஞ்சுக்குச்சி போடவே கூடாது. சளி இருக்கும்போது மூக்கடைப்பு மாத்திரை போட்டுட்டு இறங்காதீங்க, பாதியில மருந்து வேகம் கொறஞ்சா ஏறும்போது காத்து வெளிய போக முடியாம காதுக்குள்ள மாட்டிக்கும். இன்னைக்கு இறங்கலனு சொல்லத் தெரியுறவர தான் நல்ல மென்டார் மதிப்பார்.

இன்சூரன்ஸ் எப்படி எடுக்குறது?

சாதாரண டிராவல் இன்சூரன்ஸ்ல 18 அல்லது 30 மீட்டர் வரைக்கும் தான்னு ஒரு வரி இருக்கும், தொழில்முறை டைவிங்குக்கு கிடையாதுனு இன்னொரு வரி இருக்கும். ட்ரெயினி எந்த பக்கம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. 1980ல அமெரிக்காவோட டியூக் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச டேன் (DAN)ங்கிற டைவர் பாதுகாப்பு அமைப்பு மாதிரி டைவிங்குக்குனே இருக்கிற காப்பீடு எடுத்தா நல்லது, அவசரத்துக்கு 24 மணி நேர ஹாட்லைனும் இருக்கு. பக்கத்துல இருக்கிற பிரஷர் சேம்பர் (டிகம்ப்ரஷன் பாதிப்பு வந்தவங்களுக்கு சிகிச்சை குடுக்குற அறை) எங்க, அங்க போக எவ்ளோ நேரம் ஆகும்னு முதல் நாளே ஷாப்ல கேளுங்க, பதில் தெரியாம முழிச்சாங்கனா யோசிங்க. கார்டு வாங்கி வேலை பாக்க ஆரம்பிச்சா தொழில் பொறுப்பு காப்பீடுனு இன்னொண்ணு தனியா வேணும்.

டூரிஸ்ட் விசால போய் ட்ரெயினிங் பண்ணலாமா?

கோர்ஸ் படிக்கிறது ஒண்ணு, ஷாப்புக்கு வேலை பாக்குறது வேற. தாய்லாந்து மாதிரி நாட்டுல சம்பளம் வாங்காம வேலை பாத்தாலும் வேலை தான், பெர்மிட் வேணும். ஃபீஸ் கட்டி படிக்கிறவர விட இலவச இன்டர்ன்ஷிப்ல கவுன்ட்டர்ல உக்காருறவருக்கு தான் சிக்கல் அதிகம். எல்லாரும் பண்றாங்கனு ஷாப்ல சொல்றத நம்பாதீங்க, மாட்டினா அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்கு தான். அந்த நாட்டு தூதரக பக்கத்துல போறதுக்கு முன்னாடியே பாருங்க, விதி அடிக்கடி மாறும்.

தனியா போற பொண்ணு, பாதுகாப்பா இருக்குமா?

டைவிங் ஊர்கள்ல தனியா வர்ற பொண்ணுங்க நிறைய பேர் இருப்பாங்க, அந்த வகையில பழக ஆள் கிடைக்கும். ஷாப் தேடும்போது பெண் இன்ஸ்ட்ரக்டர் அல்லது பெண் டைவ்மாஸ்டர் அங்க வேலை பாக்குறாங்களானு பாத்து அவங்ககிட்டயே கேளுங்க, வெளிய தெரியாதது எல்லாம் அவங்களுக்கு தெரியும். மென்டார் மார்க் போடுறவர், அதனால அத்துமீறி பேசினா சொல்ல தயங்குவோம். தயங்க வேண்டாம், ஷாப் மேனேஜர்கிட்டயும் கேக்கலனா ஏஜென்சிக்கும் எழுதலாம், செஞ்ச வேலைய லாக் புக்ல கையெழுத்தோட வெச்சிருந்தா மீதிய வேற ஷாப்ல முடிக்கவும் வழி இருக்கு. பீரியட்ஸ் நேரத்துல டைவ் பண்ணலாம், உடம்பு ஒத்துழைக்கலனா அன்னைக்கு லீவு கேளுங்க.

ஸ்நார்க்கல் டெஸ்ட்னு ஒண்ணு குடிக்க வைப்பாங்களாமே, கட்டாயமா?

இல்லவே இல்ல. கோர்ஸ் முடிஞ்சதும் மாஸ்க் போட்டு மூக்க அடைச்சு ஸ்நார்க்கல் வழியா மதுவ ஊத்தி விடுற பழக்கம் சில ஊர்ல இருக்கு. எந்த ஏஜென்சியோட பாடத்துலயும் இது கிடையாது. மூச்சு வழியில திரவம் போனா என்ன ஆகும்னு அத்தன வாரம் படிச்சவங்களே இத பண்றது எனக்கு ஏத்துக்கவே முடியல. வேண்டாம்னு சொல்லுங்க, கார்டு வராம போகாது. இதுக்காக ஒதுக்கி வைக்கிற ஷாப்ல வேலைக்கும் சேராதீங்க.

முடிச்சதும் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா முதல் வேலையோட சம்பளம் சின்னது, பல இடத்துல கூட்டிட்டு போற ஆளுக்கு இவ்ளோனு கமிஷன் தான், சீசன் இல்லாத மாசம் வருமானம் படுத்துடும். இங்கிலீஷோட மாண்டரின், கொரியன், ஜெர்மன், ஃப்ரெஞ்ச்னு இன்னொரு மொழி தெரிஞ்சவருக்கு கதவு சீக்கிரம் திறக்கும். கம்ப்ரஸர் ஓட்ட, ரெகுலேட்டர் சர்வீஸ் பண்ண, படகு என்ஜின் பாக்க தெரிஞ்சவரயும் விட மாட்டாங்க. இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்னா 100 டைவ் வேணும், டைவர் ஆகி குறைஞ்சது 6 மாசம் ஆகிருக்கணும். உடனே அதுல சேராம கொஞ்ச காலம் டைவ்மாஸ்டராவே வேலை பாருங்கனு தான் நான் சொல்வேன், பாடம் நடத்துறப்போ அந்த அனுபவம் பேசும். வேலைக்கே போகாதவங்களுக்கும் இந்த கோர்ஸ் வீண் இல்ல, அடுத்து எந்த கடல்ல இறங்கினாலும் கூட வர்றவர் நிம்மதியா இருப்பார்.

கடைசி டைவ் முடிஞ்ச மறுநாள் காலையில ஃப்ளைட் போடலாமா?

போடாதீங்க. பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணவங்க குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சு தான் பறக்கணும்னு டேன் சொல்லுது, ஒரே ஒரு டைவுனா 12 மணி நேரம். வாரக்கணக்கா தினமும் இறங்கினவங்க முழுசா ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் விடுங்க. மலை மேல வண்டியில போறதும் இதே கணக்கு தான், உயரம் ஏறினா அழுத்தம் குறையும். அந்த ரெண்டு நாள்ல கியர நல்ல தண்ணியில ஊற வெச்சு காய வெச்சிருங்க, லாக் புக்ல விட்டுப்போன கையெழுத்தெல்லாம் வாங்கிருங்க, மென்டார் கூட உக்காந்து ஆன்லைன் விண்ணப்பத்த அவர் கண்ணு முன்னாடியே அனுப்பிருங்க. ஊருக்கு போய் பாத்துக்கலாம்னு விட்டா மென்டார் வேற நாட்டுக்கு வேலை மாறிப் போயிருப்பார், ஒரு கையெழுத்துக்காக மாசக்கணக்குல மெசேஜ் அனுப்பிட்டு இருக்கணும்.